வண்டி கொடுத்த வேகம்

மீட்டர் கேஜ் காலத்தில், ரயில் நிற்காமல் கடக்கும் சிறு நிலையங்களில் ஒரு காட்சி அன்றாடம் நடக்கும். எஞ்சினில் இருப்பவர் பெரிய பிரம்பு வளையம் ஒன்றை நடைமேடையில் போட்டுவிட்டு, சற்றுத் தள்ளி நிலைய ஊழியர் உயர்த்திப் பிடித்திருக்கும் இன்னொரு வளையத்தைக் கையில் கோத்து எடுத்துக்கொண்டு போவார். வளையத்தின் தோல் பைக்குள் டோக்கன் இருக்கும். அது கையில் இல்லாமல் ஒற்றைப் பாதையின் அடுத்த பகுதிக்குள் வண்டி நுழையக்கூடாது. சிறுவனாக நான் வேடிக்கை பார்த்த நாள்களில், வளையம் விழும் என்று நான் கண் வைத்த இடத்தில் அது ஒருநாளும் விழுந்ததில்லை. எஞ்சின்காரர் அதை முன்னே எறிவதில்லை. பக்கவாட்டில் கையை நீட்டி விட்டுவிடுவார், அவ்வளவுதான். வளையமோ வண்டியோடு கூடவே வந்து, தரையில் பட்டுத் துள்ளி, உருண்டு, இருபது முப்பது அடி தாண்டித்தான் அடங்கும். "தள்ளி நில்லு தம்பி. விட்ட எடத்துல விழாது அது" என்பார் வளையம் நீட்டும் பாயின்ட்ஸ்மேன்.

அவர் அனுபவத்தில் சொன்ன அந்த ஒற்றை வரியை ஒப்புக்கொள்ள அறிஞர் உலகத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன. ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட பொருள் எப்படிப் போகும் என்பது பார்வைக்குச் சின்னக் கேள்வி. பூமி சுழல்கிறதா என்ற பெரிய வழக்கு அதன் மேல்தான் நின்றது. பின்னாளில் போர் விமானத்தின் குண்டும், ஏவுதளத்தின் ராக்கெட்டும், கடைசியில் ஒளியும் அதே கேள்விக்குள் வந்து சேர்ந்தன.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வண்டி மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில் போகிறது. உள்ளே இருப்பவர் ஒரு பந்தை முன்னோக்கி நொடிக்கு 5 மீட்டரில் எறிந்தால், தரையில் நிற்பவருக்கு அதன் வேகம் 15. பின்னோக்கி 5 மீட்டரில் எறிந்தாலும் தரையில் நிற்பவர் கண்ணுக்குப் பந்து முன்னோக்கித்தான் போகும், 5 மீட்டரில். பின்னோக்கி 10 மீட்டரில் எறிந்தால் மட்டும், விட்ட இடத்துக்கு நேர்கீழே, கிணற்றில் கல் போட்டதுபோல விழும். மித்பஸ்டர்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் இதைச் செய்து காட்டினார்கள். மணிக்கு 60 மைலில் போகும் வண்டியிலிருந்து ஒரு பந்தைப் பின்புறமாக அதே 60 மைலில் சுட்டபோது, பந்து அந்தரத்தில் அப்படியே நின்று நேராகக் கீழே இறங்கியது. பள்ளிக் கணக்கு சரி என்று தெரிந்தவருக்குக்கூட அதைப் பார்க்கையில் உடம்பு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்தப் பொருளின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

கி.பி. 499-இல் ஆரியபட்டர் தம் ஆரியபட்டீயத்தில் ஒரு படகை உவமையாக வைத்தார். படகில் முன்னே செல்பவனுக்குக் கரையில் அசையாதிருப்பவை பின்னே போவதாகத் தோன்றும். அதுபோல, இலங்கையில் இருப்பவனுக்கு அசையாத விண்மீன்கள் மேற்கே போவதாகத் தோன்றுகின்றன என்றார். இங்கே இலங்கை என்பது வானியலார் நிலநடுக்கோட்டின் மேல், உஜ்ஜயினியின் தீர்க்கரேகையில், கணக்குக்காகக் குறித்துக்கொண்ட ஒரு புள்ளி. நாம் அறிந்த தீவு அன்று. பூமிதான் சுழல்கிறது என்பதே உவமையின் பொருள். சார்பு இயக்கத்தை இவ்வளவு தெளிவாக ஒரு படகில் ஏற்றி வைத்த மூளையை நான் வியக்காத நாளில்லை.

அவருக்குப் பின் வந்த பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. பூமி சுழன்றால் வானில் எழுந்த பருந்து தன் கூட்டுக்கு எப்படித் திரும்பும் என்று கேட்டார் வராகமிகிரர். இன்னும் கூர்மையாகக் கேட்டவர் எட்டாம் நூற்றாண்டின் லல்லர். நேர்மேலே எய்த அம்பு மேற்கே அல்லவா விழவேண்டும், மேகமெல்லாம் மேற்கே மட்டும் அல்லவா போகவேண்டும் என்றார் அவர். கிரேக்க வழியில் தாலமி இரண்டாம் நூற்றாண்டிலேயே ஏறக்குறைய இதே வாதத்தை வைத்திருந்தார். இவர்களில் யாரும் மூடர் அல்லர். பூமியை ஒரு வண்டியாகப் பார்க்க அவர்களால் முடிந்தது. ஆனால் வண்டியை விட்ட கணத்தில் அம்பு வண்டியின் வேகத்தை இழந்துவிடும் என்று அவர்கள் கேள்வியே இன்றி எடுத்துக்கொண்டார்கள். தள்ளுவதற்கு ஆள் இருக்கும்வரைதான் பொருள் நகரும் என்ற அரிஸ்டாட்டிலின் எண்ணம் ஐரோப்பாவில் இந்த ஊகத்துக்குத் தத்துவ வேலி கட்டிவைத்தது. அரிஸ்டாட்டிலைப் படிக்காதவர்களும் அதையே நம்பினார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்கவேண்டும்.

பதினான்காம் நூற்றாண்டுப் பாரிசில் பூரிதான் இந்த அம்பை மறுபடி எடுத்தார். எறிந்த பொருளுக்குள் ஒரு உந்துதல் பதிந்து கிடக்கிறது என்று சொல்லும் அளவுக்கு அவர் முன்னேறியவர். ஆனாலும் நேர்மேலே எய்த அம்பு எய்த இடத்திலேயே விழுவதைக் காட்டி, பூமி அசையவில்லை என்றே முடித்தார். நிக்கோல் ஓரெம் 1377-இல் கப்பலை உள்ளே கொண்டுவந்தார். ஓடும் கப்பலில் ஒருவன் பாய்மரத்தை ஒட்டிக் கையை நேராகக் கீழே இறக்கினால், அவனுக்கு அது நேர்க்கோடுதான். கையில் கப்பலின் ஓட்டமும் கலந்திருப்பது அவனுக்குத் தெரிவதில்லை. அம்பும் அப்படித்தான் என்றார். இவ்வளவும் சொல்லிவிட்டு அவரும் பூமி நிற்பதாகவே ஏற்றுக்கொண்டார்.

1584-இல் ஜியோர்டானோ புரூனோ எழுதியதுதான் எனக்கு இந்த வழக்கின் திருப்புமுனையாகப் படுகிறது. கப்பல் ஓடுகிறது. பாய்மர உச்சியில் இருப்பவன் ஒரு கல்லை விடுகிறான். அதே கணத்தில், கரையில் நிற்கும் இன்னொருவன் கையை நீட்டி, அதே இடத்தில் தன் கல்லை விடுகிறான். கப்பல்காரன் விட்டது பாய்மரத்தின் அடியில் விழும், கரையில் நிற்பவன் விட்டது பின்தங்கி விழும் என்றார் புரூனோ. கல் ஒன்றுதான், இடம் ஒன்றுதான், கணம் ஒன்றுதான். கல் எந்தக் கையில் இருந்து வந்தது என்பதே வேறுபாடு. விட்ட இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அதுவரை கல் எதனோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தது அந்த எடுத்துக்காட்டு.

கலிலியோ 1632-இல் வெளியிட்ட உரையாடல் நூலில் வாதம் முழுவீச்சில் வந்தது. பூமி கிழக்கே சுழன்றால் கிழக்கே சுட்ட பீரங்கிக் குண்டும் மேற்கே சுட்டதும் வெவ்வேறு தூரம் அல்லவா போகவேண்டும் என்பது டைகோ பிராஹே முதலானோர் எழுப்பிய தடை. பீரங்கியும் குண்டும் குறியும் மூன்றும் ஒரே வண்டியில் ஏறியிருக்கின்றன, ஆகவே வேறுபாடு தெரியாது என்று கலிலியோ விடை சொன்னார். மூடிய கப்பலறைக்குள் வண்ணத்துப்பூச்சிகளையும், தொட்டியில் மீனையும், சொட்டுச் சொட்டாக நீர் இறங்கும் குப்பியையும் வைத்து, கப்பல் சீராக ஓடும்வரை உள்ளிருந்து எந்தச் சோதனையாலும் அது ஓடுவதைக் கண்டுபிடிக்க முடியாது என்று அவர் காட்டிய பக்கங்கள் இயற்பியலில் மிக அழகான எழுத்துகளுள் சேரும். அந்த நூலில் அவருக்காகப் பேசும் பாத்திரம், பாய்மரக் கல் சோதனையைச் செய்யாமலே விடை தனக்குத் தெரியும் என்று சொல்கிறது. வெளிப்படையாகச் செய்து காட்டியவர் பியர் கசாந்தி. 1640-இல் மார்செய் துறைமுகத்தில், துடுப்புக் கப்பலொன்றை விரைவாக ஓட்டச் செய்து, பாய்மர உச்சியிலிருந்து கற்களை விடச் சொன்னார். கற்கள் பாய்மரத்தின் அடியிலேயே விழுந்தன.

அத்துடன் வழக்கு முடிந்திருக்க வேண்டும். மனிதர் மனத்தில் முடியவில்லை. மைக்கேல் மெக்ளாஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய தோழர்களும் 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: நடந்துகொண்டே ஒருவர் கையிலுள்ள பந்தை விட்டால் அது எங்கே விழும்? விட்ட புள்ளிக்கு நேர்கீழே என்று ஏறக்குறையப் பாதிப்பேர் சொன்னார்கள். பின்னே விழும் என்றவர்களும் உண்டு. இதற்கு அந்த ஆய்வாளர்கள் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. நடப்பவர் கையிலிருந்து பந்து விழுவதை நாம் பார்க்கும்போது, நம் கண் நடப்பவரையே பின்னணியாக எடுத்துக்கொள்கிறது. அவரோடு ஒப்பிட்டால் பந்து நேராகத்தான் இறங்குகிறது. அந்தக் காட்சியைத் தரையோடு ஒப்பிட்ட உண்மையாக மனம் மாற்றி எழுதிக்கொள்கிறது. அப்படியானால் நாம் கண்டது பொய்யில்லை. எந்தக் குறிப்பாயத்தில் இருந்து கண்டோம் என்பதைத்தான் மறந்துவிட்டோம். வராகமிகிரரின் பருந்தும் பாரிசில் எய்த அம்பும் அந்த மறதியின் பிள்ளைகள்.

நம் ஊரில் இந்தப் பாடத்தை உடம்பால் கற்றவர்கள் ஏராளம். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பழகியவர், கால் தரையில் படும் முன்பே வண்டி போகும் பக்கம் ஓடத் தயாராகிவிடுவார். ஓடாமல் இறங்குபவர் முகம்குப்புற விழுவார்; கால் நின்றுவிட்டது, உடல் இன்னும் பஸ்ஸின் வேகத்தில் இருக்கிறது. படிக்கட்டில் தொங்கும் பையன்களுக்கு நிலைமம் என்ற சொல்லை யாரும் இந்த இடத்தில் வைத்துச் சொல்லித்தருவதில்லை. பதினோராம் வகுப்பில் அது கரும்பலகையில் எண்களாக வந்து, தேர்வோடு போய்விடுகிறது.

ரயில் ஜன்னலிலிருந்து தண்ணீர் பாட்டிலை வெளியே வீசுபவர் அதைத் தாம் மெதுவாகத்தான் போட்டதாக நினைக்கிறார். அவர் கை கொடுத்த வேகம் சிறியதுதான். வண்டி மணிக்கு 110 கிலோமீட்டரில் போனால், பாட்டிலோ நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் வேகத்தோடு வெளியே போகிறது. அரை லிட்டர் நீர் மிச்சமிருந்தால் அதன் இயக்க ஆற்றல் 230 ஜூலை ஒட்டி வரும். மணிக்கு 140 கிலோமீட்டரில் வீசப்பட்ட கிரிக்கெட் பந்தின் ஆற்றல் சுமார் 120 ஜூல். மட்டையாளர் தலைக்கவசத்தோடு நின்று எதிர்கொள்ளும் பந்தைப்போல் இரு மடங்கு அடியை, தண்டவாள ஓரத்தில் வண்டிக்கு ஒதுங்கி நிற்கும் கேங்மேன் வெறும் தலையோடு வாங்க நேரிடுகிறது. தரையில் நின்று ரயில் மேல் கல் எறியும் சிறுவனுக்கும் இதே கணக்கு மறுபுறமாகப் பொருந்தும். அவன் சும்மா உயரே தூக்கிப் போட்ட கல்கூட, ஜன்னலோரம் அமர்ந்திருப்பவருக்கு வண்டியின் முழு வேகத்தில் எதிரே வரும். யார் ஓடுகிறார், யார் நிற்கிறார் என்று மோதல் பார்ப்பதில்லை. இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு கணக்காகச் சேர்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். விமானத்திலிருந்து போடும் உணவுப் பொட்டலம் எங்கே விழும் என்று கேட்கும் கணக்கைவிட இது நம் பிள்ளைகளுக்கு நெருக்கமானது.

அந்த உணவுப் பொட்டலக் கணக்கின் முடிவில் ஒரு வரி எப்போதும் இருக்கும்: காற்றின் தடையைப் புறக்கணிக்க. அப்படிப் புறக்கணித்தால், சீராகப் பறக்கும் விமானத்திலிருந்து விட்ட பொட்டலம் தரையைத் தொடும்வரை விமானத்தின் நேர்கீழேயே இருக்கும். விமானிக்கு அது நேர்க்கோடு, தரையில் இருப்பவருக்குப் பரவளையம். தொடக்கத்தில் இந்த எளிமை தேவைதான். பிறகு ஒருநாளும் திரும்பி வந்து காற்று என்ன செய்யும் என்று சொல்லாமல் விடுவதைத்தான் நான் குறையாகப் பார்க்கிறேன். காற்றுக்கு வண்டியும் தெரியாது, தரையும் தெரியாது. தன்னோடு ஒப்பிடப் பொருள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கேற்பவே அது தடுக்கும். வேகத்தைக் கூட்டிக் கழித்த பிறகு மிஞ்சுவதைக் காற்று தன் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இதை உயிரைப் பணயம் வைத்து அறிந்தவர் டாம் அட்ரிட்ஜ் என்ற சோதனை விமானி. 1956 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவின் லாங் ஐலண்ட் கடற்பகுதிக்கு மேல், கிரம்மன் நிறுவனத்தின் எஃப்-11 டைகர் விமானத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்தபடி 20 மில்லிமீட்டர் பீரங்கிகளைச் சுட்டார். சுடும் கணத்தில் குண்டுகள் விமானத்தின் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு முன்னே பறந்தன. அப்புறம் காற்று அவற்றின் வேகத்தைக் கரைத்தது, ஈர்ப்பு கீழே வளைத்தது. விமானத்துக்கோ எஞ்சின் இருந்தது. அவர் மேலும் செங்குத்தாகச் சரிந்து விரைந்தார். சில நொடிகளில், சுமார் 7,000 அடி உயரத்தில், தாம் சுட்ட குண்டுகளையே தாம் போய் முட்டினார். முன்கண்ணாடி சிதைந்தது, எஞ்சின் சேதமானது. விமானத்தைத் தரையில் மோதி இறக்கிய அவர் காயங்களோடு பிழைத்தார். முன்னே எறிந்த பொருள் எப்போதும் முன்னேயே இருக்கும் என்ற எண்ணம் வெற்றிடத்தில்தான் செல்லும்.

குண்டுவீச்சு விமானத்தின் பக்கவாட்டுச் சுடுநர்களுக்கு இரண்டாம் உலகப் போரில் நேர்ந்த சிக்கல் வேறு வகை. தரையில் நின்று பறக்கும் வாத்தைச் சுடுபவன் வாத்துக்கு முன்னே குறிவைப்பான். குண்டு போய்ச் சேரும் நேரத்தில் வாத்து அங்கே வந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு விமானத்தில் ஏறியவர் தவறினார். ஏனென்றால் இப்போது சுடுபவனே ஓடுகிறான். பக்கவாட்டில் சுட்ட குண்டு தன் விமானத்தின் முன்னோக்கிய வேகத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. தம் விமானத்தை நோக்கி வளைந்து பாய்ந்து வரும் எதிரியைச் சுட, எதிரிக்கும் தம் விமானத்தின் வால்பகுதிக்கும் இடையே, அதாவது பின்னே, குறிவைக்கவேண்டும். இளைஞர்களின் கையில் ஊறிய வழக்கத்தை மாற்ற அமெரிக்க விமானப்படை பயிற்சிப் படங்களே தயாரித்தது. பிழைத்தவர்கள் சார்பு வேகத்தைத் தோள்பட்டையால் படித்தவர்கள்.

வண்டியின் வேகத்தையே ஆயுதமாக்கிய மிகக் கொடிய எடுத்துக்காட்டு 1943 மே 16-17 இரவில் ஜெர்மனியின் அணைகள் மேல் நடந்த பிரிட்டிஷ் தாக்குதல். நீர்ப்பரப்பில் தத்தித் தத்திப் போய் அணைச் சுவரை அடையும் பீப்பாய் வடிவக் குண்டை பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்திருந்தார். அதை நிமிடத்துக்கு 500 சுற்று வீதம் பின்னோக்கிச் சுழலவிட்டு, நீருக்கு 60 அடி உயரத்தில், மணிக்குச் சுமார் 230 மைல் வேகத்தில் பறந்தபடி விடவேண்டும். உயரம் சரியாக இருக்க விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகள். அவற்றின் ஒளிவட்டங்கள் நீர்மேல் ஒன்றாகச் சேரும் உயரமே 60 அடி. அந்த உயரத்திலிருந்து நீரைத் தொட இரண்டு நொடிகூட ஆகாது. அதற்குள் குண்டு விமானம் கொடுத்த வேகத்தால் 200 மீட்டர் போயிருக்கும். அதை முன்னே தள்ள வேறெந்த விசையும் இல்லை. மோனே, ஏடர் அணைகள் உடைந்தன. வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்டிருந்த அயல்நாட்டவர். போன பத்தொன்பது விமானங்களில் எட்டு திரும்பவில்லை.

இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் நிலைகொண்ட சுகோய்-30 அணி, இரண்டரை டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கவல்லது. 2017 நவம்பர் 22 அன்று வங்கக் கடல் மேல் அது முதன்முதலாக விமானத்திலிருந்து ஏவிச் சோதிக்கப்பட்டது. ஏவுகணை முதலில் வெறும் எடையாக விமானத்திலிருந்து விழுகிறது. விமானத்தின் வேகத்தோடு கூடவே பறந்தபடி கீழிறங்குகிறது. சற்று விலகிய பிறகே அதன் எஞ்சின் மூள்கிறது. அந்த முதல் சில கணங்களில் அதுவும் பாயின்ட்ஸ்மேனின் வளையம்தான்.

இவ்வளவும் வேகத்தைப் பற்றியது. ஆற்றலுக்கு வந்தால் கூட்டல் கணக்கு ஒரு புதிரைத் தருகிறது. 10 கிராம் குண்டு, துப்பாக்கி வாயில் நொடிக்கு 800 மீட்டர். நின்ற இடத்தில் சுட்டால் வெடிமருந்து அதற்குக் கொடுக்கும் ஆற்றல் 3,200 ஜூல். நொடிக்கு 200 மீட்டரில் பறக்கும் விமானத்திலிருந்து முன்னோக்கிச் சுடுவோம். சுடுமுன்பே விமானத்தோடு ஓடியதால் குண்டுக்கு 200 ஜூல் இருந்தது. இப்போது வேகம் 1,000 மீட்டர், ஆற்றல் 5,000 ஜூல். கூடியது 4,800. அதே மருந்து, அதே துப்பாக்கி. மிகையான 1,600 ஜூல் எங்கிருந்து வந்தது?

விமானத்திலிருந்து. சுடும்போது பின்னுதைப்பு விமானத்தைத் துளி மந்தப்படுத்துகிறது; கனத்த விமானம் இழந்த அந்தத் துளி வேகமே 1,600 ஜூல். பின்னோக்கிச் சுட்டால் குண்டுக்குக் கிடைப்பது 1,600 மட்டுமே; மீதி 1,600 விமானத்துக்குப் போய்விடும். ஓடும் வண்டியில் நடக்கும் ஒவ்வொரு எறிதலும் வண்டிக்கும் எறிபொருளுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல். பல ஆசிரியர்கள் இந்தப் புதிரைத் தொடுவதில்லை. தொட்டால் மாணவர்கள் உந்தத்தையும் ஆற்றலையும் ஒருநாளும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

ராக்கெட்டை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது பின்னோக்கி ஓயாமல் சுட்டுக்கொண்டிருக்கும் துப்பாக்கி. அதன் எறிபொருள் வாயு. வண்டி எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, பின்னே எறியும் வாயுவிடமிருந்து வண்டி அவ்வளவு ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஓபெர்த் விளைவு என்பது இதுதான். 2013 நவம்பர் 5 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் சென்ற மங்கள்யானை நேரே செவ்வாய்க்கு அனுப்பும் வலு அந்த ராக்கெட்டுக்கு இல்லை. பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில்தான் அதை விட முடிந்தது: ஒரு முனை 250 கிலோமீட்டர் உயரத்தில், மறுமுனை 23,000-ஐத் தாண்டி. திட்டத்தை நடத்தியவர்களில் நம் ஊர்க்காரர்களான மயில்சாமி அண்ணாதுரையும் சுப்பையா அருணனும் முன்னணியில் இருந்தார்கள். விண்கலம் பூமிக்கு மிக அருகே வரும் வேளைகளில்தான் அதன் 440 நியூட்டன் எஞ்சின் எரிக்கப்பட்டது. ஏன் அங்கே? அந்த அண்மை முனையில் கலத்தின் வேகம் நொடிக்கு 10 கிலோமீட்டரை ஒட்டியது. தொலைமுனையிலோ 2 கிலோமீட்டர் சொச்சம். அண்மையில் எரித்தபோது, நொடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகத்தில் பின்னே தள்ளப்பட்ட வாயு, பூமியில் இருந்து பார்த்தால் பின்னே போகவில்லை. ஏழு கிலோமீட்டர் வேகத்தில் கலத்தின் பின்னாலேயே முன்னோக்கி ஓடியது, ரயிலில் பின்பக்கம் மெல்ல எறிந்த பந்தைப்போல. அது இழந்த ஓட்டமெல்லாம் கலத்துக்கு வந்தது. டிசம்பர் 1 அதிகாலை, கடைசி எரிப்போடு மங்கள்யான் பூமியை விட்டுப் புறப்பட்டது.

ராக்கெட் ஏறும் முதல் வண்டி பூமி. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுமேடையில் அசையாமல் நிற்கும் ராக்கெட்டுக்கு, பூமியின் மையத்தோடு ஒப்பிட்டால், கிழக்கே நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகம் முன்கூட்டியே உண்டு. தாழ்சுற்றுப் பாதைக்குத் தேவையான வேகம் நொடிக்கு 7.8 கிலோமீட்டர் அளவில். ஆகவே கிழக்கே ஏவினால் ஆறு விழுக்காட்டுக்கு நெருக்கமான பங்கு இலவசம். பிரெஞ்சு கயானாவின் கூரூ நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகில் இருப்பதால் அங்கே 463 மீட்டர்; கசக்ஸ்தானின் பைக்கானூரில் 320-ஐ ஒட்டித்தான். இஸ்ரேல் இந்த இலவசத்தை விட்டுக்கொடுத்த நாடு. கிழக்கே அயல்நாடுகள் இருப்பதால், எரிந்த பகுதிகள் அவர்கள் மேல் விழாதபடி 1988 முதல் மத்தியதரைக் கடல் மேல் மேற்கு நோக்கி ஏவுகிறது. சுழற்சி தரும் வேகத்தை வாங்குவதற்குப் பதில் அதை முதலில் எதிர்த்துக் கடக்கவேண்டியிருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ஏன் இன்னொரு ஏவுதளம் என்ற கேள்விக்கு, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் என்று பலரும் விடை சொல்வார்கள். அது முழு விடையில்லை. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட அந்தத் தளம் பெரிதும் சிறு ராக்கெட்டுகளைத் தெற்கே, துருவப் பாதைக்கு ஏவுவதற்கானது. துருவப் பாதைக்குப் பூமியின் கிழக்கு ஓட்டம் உதவாது. சூரியனோடு ஒத்துச் செல்லும் பாதைக்கு அதைச் சற்றே ரத்துசெய்யவும் வேண்டும். உண்மையான இலாபம் வேறு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர்தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கே இருக்கிறது. வளைந்து சுற்றிப் போக எரிபொருள் செலவாகிறது. சிறு ராக்கெட்டுக்கு அந்தச் செலவு பெரிய சுமை. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல்.

பூமி என்ற வண்டி சீராக நேர்க்கோட்டில் ஓடுவதில்லை, சுழல்கிறது. எனவே கலிலியோவின் மூடிய கப்பலறைக்குள் இது முழுதாக அடங்காது. உயரமான கோபுரத்தின் உச்சி அதன் அடியைவிடப் பெரிய வட்டத்தில் சுழல்வதால், கிழக்கே துளி விரைவாகப் போகிறது. உச்சியிலிருந்து விட்ட கல் அந்த மிகை வேகத்தோடு விழுந்து, நேர்கீழே உள்ள புள்ளிக்குக் கிழக்கே போய்ச் சேரும். நியூட்டன் 1679-இல் ஹூக்குக்கு எழுதிய கடிதத்தில் இதை எதிர்பார்த்தார். ஃபெர்டினாண்ட் ரைக் 1831-இல் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் சுரங்கத்தில் சுமார் 158 மீட்டர் ஆழத்துக்குக் குண்டுகளை விழவிட்டு அளந்தார். கிடைத்தது கிழக்கே 28 மில்லிமீட்டர் அளவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஊரின் அகலாங்குக்கு ஏறக்குறைய அதுவே வருகிறது.

இப்போது லல்லரின் அம்புக்குத் திரும்பவேண்டும், அவருக்கு நியாயம் செய்வதற்காக. நேர்மேலே நொடிக்கு 50 மீட்டரில் எய்த அம்பு, காற்றை விட்டுவிட்டால், 127 மீட்டர் ஏறி, பத்து நொடியில் திரும்பும். அம்பு பூமியின் ஓட்டத்தை முழுதாக இழந்துவிடும் என்றால் நம் அகலாங்கில் அது நாலரைக் கிலோமீட்டர் மேற்கே விழவேண்டும். அப்படி விழவில்லை என்று கண்டதால் பூமி சுழலவில்லை என்றார் அவர். ஆனால் அம்பு தரைமட்டத்தின் கிழக்கு வேகத்தோடுதான் ஏறுகிறது. மேலே போகப்போக அங்குள்ள பெரிய வட்டத்துக்கு அது போதாமல் பின்தங்குகிறது. இறங்கும்போது அந்தப் பின்தங்கலை மீட்பதில்லை. கணக்கின்படி அது எய்த இடத்துக்கு மேற்கே 12 சென்டிமீட்டர் தள்ளி விழும். லல்லர் சொன்ன திசை சரி. பூமி சுழல்வதால்தான் அது மேற்கே விழுகிறது. அளவில்தான் அவர் தவறினார். காற்று இலேசாக அசைந்தாலும் மறைந்துபோகும் 12 சென்டிமீட்டரை எட்டாம் நூற்றாண்டில் யார் அளந்திருக்க முடியும்? சுழற்சிக்கு எதிராக அவர் எய்த அம்பு, சுழற்சிக்கே சாட்சியாக விழுந்துகொண்டிருந்தது.

கூட்டல் அடியோடு மறுக்கப்படும் இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. விரைந்து வரும் ரயிலின் ஹாரன் ஒலி ரயிலின் வேகத்தை வாங்கிக்கொள்வதில்லை. ஒலி காற்றின் அலை. காற்றோடு ஒப்பிட்டு நொடிக்கு 340 மீட்டர் அளவில்தான் அது போகும், சுருதி மட்டும் ஏறும். ஒளியும் அப்படியே ஏதோ ஊடகத்தில் அலையென்று நினைத்து அந்த ஊடகத்தைத் தேடிய மைக்கேல்சனும் மோர்லியும் 1887-இல் வெறுங்கையோடு நின்றார்கள். ஒளி எறிபொருளைப்போலத் தன்னை ஏவிய வண்டியின் வேகத்தைச் சேர்த்துக்கொள்ளுமோ என்ற வழியும் இருந்தது. 1905-இல் ஐன்ஸ்டைன் அந்த இரண்டையும் மறுத்து, ஒளியின் வேகம் எல்லாப் பார்வையாளருக்கும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டார்.

அந்த இரண்டாம் வழி நேராகச் சோதிக்கப்பட்டது 1964-இல், ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில். அங்கே வண்டியாக நின்றது நடுநிலைப் பையான் என்ற துகள். ஒளிவேகத்தில் 99.975 விழுக்காட்டில் பறந்தபடி அது சிதைந்து காமாக் கதிரை முன்னே வீசியது. பாயின்ட்ஸ்மேனின் வளையத்துக்குப் பொருந்தும் கணக்கு இங்கும் பொருந்தியிருந்தால் அந்தக் கதிர் ஒளிவேகத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கில் வந்திருக்கவேண்டும். ஆல்வேகரும் குழுவினரும் அளந்தபோது அது சாதாரண ஒளியின் வேகத்தில்தான் வந்தது. ஐன்ஸ்டைனின் விதிப்படி, இரு வேகங்களைக் கூட்டிய தொகையை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. அவ்விரு வேகங்களின் பெருக்கலை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஒன்றோடு சேர்த்து, அந்த எண்ணால் தொகையை வகுக்கவேண்டும். நாம் முன்பு பார்த்த விமானக் குண்டுக்கு, 800-உம் 200-உம் கூடி 1,000 மீட்டர் ஆகும் இடத்தில், இந்தத் திருத்தம் நொடிக்கு ஒரு மீட்டரின் நூறு கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவு.